பூஜ்யம் போடாதீர்கள்

ஐப்பசி பிறக்க அதிக நாள் இல்லை. கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் நிற்கிற தானியங்கி மழைமானிகளுக்கு யார் யார் பொறுப்போ, அவர்களிடம் இப்போதே சொல்லியாக வேண்டிய பேச்சு இது. வருவாய்த் துறைக்காரர், நீர்வளத் துறைக்காரர், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர், அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற தம்பி, தன் வளாகத்தில் கருவி நிற்கிற பள்ளித் தலைமையாசிரியர், கம்பிவேலிக்கு வெளியே ஆடு ஓட்டுகிற அண்ணன், எல்லோருக்கும்தான்.

கருவி பேசாமல் போய்விட்டால் அன்றைய கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள். "கருவி வேலை செய்யவில்லை" என்று எழுதுங்கள். எழுதிய கையோடு புறப்பட்டுப் போய்ப் பாருங்கள்.

இதற்கா இவ்வளவு சத்தம் என்று கேட்பீர்கள். பூஜ்யம் எழுதுகிறவர், "நான் பார்த்தேன், மழை இல்லை" என்று கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்கிறார். பார்க்காமல் சொன்ன சாட்சிக்கு ஊரில் என்ன பெயர் என்பது உங்களுக்கே தெரியும். நீதிமன்றத்தில் அதைச் சொன்னால் ஒருவர் ஜெயிலுக்குப் போவார். மழைப் பதிவேட்டில் சொன்னால் யார் தலையில் விடியும் என்பது அன்றைக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பொய் இவ்வளவு சுலபமாக வருகிறது.

மலையில் பெய்வது மலையோடு நிற்பதில்லை. மேலே வெள்ளிமலைப் பக்கம் ராத்திரி கொட்டினால், பொட்டியம், கல்படை ஆறுகளில் புரண்டு கோமுகி அணைக்கு வந்து இறங்குகிறது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் 46 அடிக்குத் தண்ணீர் தேக்குகிற சின்ன அணை அது. மேட்டூர் மாதிரி நாள்கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ள அதற்கு வயிறு கிடையாது. வந்ததை வந்த வேகத்தில் விட வேண்டியிருக்கும். விட்டால் ஆறு கள்ளக்குறிச்சியை ஒட்டிப் போகிறது. இன்னொரு பக்கம் மணிமுக்தா அணை, 36 அடி, அதற்கும் இதே மலைதான். இரண்டும் சேர்ந்து விருத்தாசலத்தைத் தாண்டி வெள்ளாற்றுக்குப் போகிற வழியெல்லாம் நெல்லும் கரும்பும் குடியிருப்பும். ஷட்டரில் கை வைக்கிற பொறியாளருக்கு, மேலே என்ன பெய்கிறது என்பது மணிக்கு மணி தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதாவது தெரிய வேண்டும். பூஜ்யம் வந்தால் அவர் தூங்கப் போவார். "தகவல் இல்லை" என்று வந்தால் மலைமேல் யாருக்காவது போன் போடுவார். ஒரு ராத்திரி முழுக்க அந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது. தொட்டபின் நகராமல் அடம்பிடித்து நின்று கொட்டியதை விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ. தாண்டினாலே வானிலை ஆய்வுத் துறை அதை அதிகனமழை என்று வகைப்படுத்துகிறது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல். அதற்கடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. திருக்கோவிலூர் கரையும் நம் கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். முன்னறிவிப்பு போதுமா, போதாதா என்று பெரிய அரசியல் சண்டை நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியம், மயிலத்தின் அந்தக் கணக்கைச் சொன்னது ஆளில்லாத ஒரு தானியங்கி நிலையம் என்பது. அந்த மழையில், அந்தக் காற்றில், ஒரு பேட்டரியும் ஒரு ஆன்டெனாவும் விழுந்துவிடாமல் நின்று சொல்லின. அதற்கு முன் யாரோ ஒருவர் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை, வரவும் வராது.

மாறாக நடந்ததும் உண்டு. சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடையும் அபாயம் தெரிந்துதான் 2023 செப்டம்பரில் அங்கே கேமராவும் வானிலைக் கருவியும் கொண்டுபோய் வைத்தார்கள். சில நாளிலேயே மின்சாரம் அற்றுப்போய் அது தகவல் அனுப்புவதை நிறுத்தியது. அக்டோபர் 3 இரவு ஏரி உடைந்து, கீழே சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. அந்தக் கருவி முழு எச்சரிக்கை ஏற்பாடு அல்ல, அதற்கான முதல் படிதான். அது உயிரோடிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கருவி சாகிற நேரமும் அது தேவைப்படுகிற நேரமும் இப்படித்தான் அடுத்தடுத்து வருகின்றன. இதை விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காரணம் கருவிக்குள்ளேயே இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். கருவிக்குச் சாப்பாடு சோலார் தகட்டிலிருந்து. நாலு நாள் மேகம் மூடினால் சாப்பாடு குறைகிறது. மலையில் சிக்னல் மட்டம். டவர் எட்டாத இடத்தில் மோடம் இன்னும் உரக்கக் கத்துகிறது, அதாவது கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. தகவல் அனுப்புகிற கணத்தில் அது 2 ஆம்பியர் வரைகூட இழுக்கும். பேட்டரி பழசாக இருந்தால் அந்த இழுப்பில் வோல்டேஜ் சரிகிறது, கணக்கைப் பதிந்து வைக்கிற லாகர் அணைந்து மறுபடி எழுகிறது, எழுந்ததும் மறுபடி அனுப்பப் பார்க்கிறது, மறுபடி விழுகிறது. மழை பெய்கிற ராத்திரியில் சாவதற்கென்றே செய்துவைத்தது மாதிரி ஒரு சுழல். இதை முறிக்க ஒரே வழி, மழைக்கு முன்பே நல்ல பேட்டரி போடுவது. இரண்டு மூன்று வருஷம் வெயிலில் வெந்த பேட்டரியை "இன்னும் ஓடுகிறதே" என்று விட்டுவைக்கிற சிக்கனம் யாருடைய பணத்தை மிச்சம் பிடிக்கிறது என்று யோசியுங்கள்.

தம்பி, இனி உன்னிடம் பேசுகிறேன். வண்டியை எடுக்குமுன் கம்ப்யூட்டரைப் பார். கடைசித் தகவல் எத்தனை மணிக்கு வந்தது, அதில் பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது. நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கிற 12 வோல்ட் பேட்டரி 12.7 பக்கம் காட்டும். அது நாலைந்து நாளாகப் படிப்படியாகச் சரிந்து 11க்கு வந்து நின்றிருந்தால், சாப்பாட்டுப் பிரச்சினை. பகலில் உயிர் வந்து இருட்டியதும் போகிறதென்றால், பேட்டரி செத்துவிட்டது, தகடு மட்டும் வேலை பார்க்கிறது. நல்ல வோல்டேஜில் இருந்து ஒரேயடியாக நின்றிருந்தால் இடி, திருட்டு, சிம், ஆன்டெனா ஒயர் என்று யோசி. பக்கத்துக் கருவிகளும் அதே நிமிஷத்தில் நின்றிருந்தால் கருவியைக் கழற்றவே வேண்டாம். டவரிலோ சர்வரிலோ கோளாறு. சிம்மை மறந்துவிடாதே. கருவிகளுக்குக் கொடுக்கிற சிம்முக்கு 13 இலக்க எண். அதற்கு யாரும் போன் செய்து பேசுவதில்லை. கட்டணம் நின்றுபோனால் யாருடைய பாக்கெட்டிலும் மணி அடிக்காது. பில் கட்டாத சிம்முக்காக மலை ஏறி, பேட்டரியை மாற்றி, இறங்கி வந்து, மறுநாள் மறுபடி ஏறுகிற கூத்து எத்தனை இடத்தில் நடக்கிறது!

மேலே போனதும் ரீசெட் பட்டனைத் தேடாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கருவி அனுப்ப முடியாமல் போன நாட்களின் மழைக் கணக்கு பெரும்பாலும் லாகரின் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். முதலில் அதை இறக்கி எடு. ரீசெட் செய்தால் விளக்கு எரியும், நீயும் "சரி செய்தாகிவிட்டது" என்று படம் பிடித்து அனுப்பலாம். ஆனால் நாலு நாள் மழை யாருக்கும் தெரியாமல் அழிந்துபோகலாம். கோளாறு என்ன என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். என்ன வோல்டேஜ், எந்த விளக்கு எப்படி மினுங்குகிறது, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, எல்லாம் குறித்துக்கொண்ட பிறகு கை வை. கடிகாரத்தைச் சாதாரணமாக நினைக்காதே. நம் நாட்டில் மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது. மணி தப்பினால் ஒரு நாள் மழை இன்னொரு நாள் கணக்கில் ஏறும்.

பிறகு புனலைப் பார். தகவல் ஒழுங்காக வந்துகொண்டே, மழை மட்டும் 0.0 என்று வருகிற கருவிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. செத்த கருவி தான் செத்ததையாவது காட்டிக்கொள்கிறது. இது உயிரோடிருந்து பொய் சொல்கிறது. மூடியைத் திருகி எடுத்தால் புனலின் வாயில் சருகு, பறவை எச்சம், அதில் முளைத்த சின்னச் செடி. உள்ளே இரண்டு சின்னத் தொட்டிகள், சீசா பலகை மாதிரி. ஒன்று நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும். கவிழும் ஒவ்வொரு தடவையும் ஒரு காந்தம் ஒரு ஸ்விட்சைத் தாண்டிப் போகும். அந்த ஒரு தட்டு, கருவியைப் பொறுத்து, 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் மழை. தொட்டிகள் ஆடுகிற அச்சில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். சிலந்தி ஒரே ஒரு நூல் இழுத்திருந்தாலும் தொட்டி தயங்கும். எறும்பு மண் கொண்டுவந்து ஒரு தொட்டியின் அடியில் அப்பியிருந்தால், கவிழும், ஆனால் தப்பான எடைக்குக் கவிழும். மெல்லிய பிரஷ், சுத்தமான தண்ணீர், பொறுமை, இவ்வளவுதான் வேண்டும். தொட்டியின் உட்புறத்தை விரலால் தேய்க்காதே; எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி நீர்த்துளி தங்கும்.

துடைத்தால் மட்டும் போதாது, சோதித்துப் பார். புனலின் வாய் 20 செ.மீ. விட்டம் என்றால் 314 மில்லி தண்ணீர் சரியாக 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். பாட்டில் மூடியில் ஊசித் துளை போட்டுக் கவிழ்த்து வை. சொட்டுச் சொட்டாக இறங்க விடு. அவசரப்பட்டு ஊற்றினால் தொட்டி கவிழ்கிற இடைவெளியில் தண்ணீர் வீணாகி எண்ணிக்கை குறையும். 0.5 கருவியென்றால் 20 தட்டு, 0.2 என்றால் 50 தட்டு வர வேண்டும். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. 20க்குப் பதில் 13 வந்தால் கருவி கெட்டிருக்கிறது, அப்படியே எழுது. இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம்: கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து "சோதனைத் தண்ணீர் ஊற்றுகிறேன்" என்று சொல். சிக்னல் இல்லையென்றால் மேட்டுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வா. வெயிலடிக்கிற மத்தியானத்தில் நீ ஊற்றிய ஒரு பாட்டில் தண்ணீர், ஊருக்குப் பெய்த மழையாகப் பதிவேட்டில் ஏறிவிடக் கூடாது. பொய்யான பூஜ்யம் எவ்வளவு தப்போ, பொய்யான பத்தும் அவ்வளவு தப்பு.

ஒப்பந்தக்காரர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்வையிட வேண்டும் என்று தாளில் இருக்கும்போது, போகாமலே "நிலை நன்று" என்று எழுதிப் பழைய படத்தை ஒட்டுகிற வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். அந்தத் தம்பிக்குப் பெட்ரோல் காசை முழுசாகக் கொடுங்கள். மலைக்குப் போக வரச் செலவாகும் என்பது டெண்டரில் விலை எழுதும்போதே உங்களுக்குத் தெரியும். விலையைக் குறைத்து வேலையை எடுத்துவிட்டு, அந்தக் குறைவை மழைமானியின் தலையில் கட்டுவது திருட்டுதான். வேறு மரியாதையான பெயர் எனக்குத் தெரியவில்லை.

தமிழக அரசு மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. பயிர்க் காப்பீட்டுக்காக ஒன்றிய அரசு 2023ல் தொடங்கிய விண்ட்ஸ் திட்டமோ ஊராட்சிதோறும் மழைமானி என்கிற அளவுக்குப் போக நினைக்கிறது. நட்டுவைப்பதற்கு விழா உண்டு, ரிப்பன் உண்டு. புனலைத் துடைக்கிறவனுக்கு எதுவும் கிடையாது. ஆனால் நாளைக்கு மலைமேல் ஒருவருடைய மரவள்ளி அழுகி நிற்கும்போது, "உங்கள் ஊரில் மழையே இல்லையே" என்று திரையைக் காட்டிச் சொல்லப்போவது அந்தப் புனல்தான். அதோடும் முடியாது. இன்று எழுதுகிற கணக்கை எடுத்துத்தான் இருபது, முப்பது வருஷம் கழித்து ஒரு பொறியாளர் ஓடைப் பாலத்துக்கு எத்தனை கண் வைப்பது என்று முடிவு செய்வார். நடுவில் செருகிய பூஜ்யங்கள் சராசரியைக் கீழே இழுத்திருக்கும். அவர் இரண்டு கண் வைப்பார், தண்ணீர் நாலு கண்ணுக்கு வரும்.

பழைய வழியையும் விட்டுவிடாதீர்கள். வயநாட்டில் கல்பற்றாவில் இருக்கிற ஹ்யூம் மையம் விவசாயிகள் கையால் அளந்து சொல்கிற இருநூறுக்கு மேற்பட்ட மழைமானிகளை வைத்திருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை சரிந்தது. அதற்கு முந்தின நாளே அந்தக் கணக்குகளை வைத்து அவர்கள் மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக்குப் பிறகு என்ன ஆனது என்பது வேறு வேதனை. சோலார் இல்லை, சிம் இல்லை, ஒரு புனல், ஒரு அளவுக் குடுவை, காலையில் எழுந்து பார்க்கிற ஒரு மனிதர். வெள்ளிமலையிலும் மலையின் மற்ற ஊர்களிலும் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று வைத்தால் என்ன? பிள்ளைகள் 8.30க்கு அளந்து நோட்டில் எழுதட்டும். தானியங்கி ஊமையான அன்று அந்த நோட்டு பேசும். தானியங்கி பொய் சொன்ன அன்று அந்த நோட்டுதான் காட்டிக்கொடுக்கும். தலைமையாசிரியருக்கு ஒரு வார்த்தை: லீவு நாளில் அளக்க ஆள் இல்லையென்றால் கோடு போட்டுவிடுங்கள். ஒப்புக்குப் பூஜ்யம் எழுதப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பழக்கம் நோட்டோடு நிற்காது.

ஊர்க்காரர்களுக்கும் உண்டு. அந்தத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனால் வீட்டில் ஒரு பல்பு எரியும், அவ்வளவுதான் அதன் பெறுமானம். கம்பிவேலியில் ஆட்டைக் கட்டாதீர்கள். கம்பம் சாய்ந்தால் புனல் சாயும், சாய்ந்த புனல் குறைவாகத்தான் பிடிக்கும். பக்கத்தில் வளர்ந்துவிட்ட சில்வர் ஓக் கிளை தகட்டில் நிழல் போட்டால் வெட்டலாமா என்று கேட்டு வெட்டுங்கள். பையன்கள் கவண் எறிகிற குறியாகக் கருவியை வைத்திருந்தால் கூப்பிட்டு, அது என்ன செய்கிறது என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை அந்தத் தொட்டி கவிழ்வதைப் பார்த்த பையன் மறுபடி கல் எறிய மாட்டான் என்பது என் நம்பிக்கை.

கடைசியில் மேசைக்குப் பின்னால் இருக்கிற பெரியவர்களுக்கு வருகிறேன், ஏனென்றால் பூஜ்யம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வருகிறது. "ஏன் காலி? உடனே நிரப்பு" என்று நீங்கள் கீழே அதட்டுகிறீர்கள். பயந்தவன் நிரப்புகிறான். கட்டம் நிரம்பிவிட்டதென்று அறிக்கை பச்சையாகிறது. உண்மை சொன்னவனுக்கு மெமோவும், பூஜ்யம் போட்டவனுக்கு நிம்மதியும் கிடைக்கிற அலுவலகத்தில் எந்த மழைமானியும் நெடுநாள் உண்மை பேசாது. காலிக் கட்டத்தைக் காலியாகவே மேலே அனுப்புங்கள். "இன்ன இடத்தில் இன்ன நாளிலிருந்து கருவி நின்றிருக்கிறது" என்று உங்கள் கையெழுத்தில் அனுப்புங்கள். கோமுகி, மணிமுக்தா அணைப் பொறியாளர்களுக்கும் அதே மணி நேரத்தில் சொல்லிவிடுங்கள். "கருவி நின்றுவிட்டது" என்று சொல்லிக்கொண்டு உங்கள் அறைக்குள் வருகிற ஆளை நிற்க வைத்துத் திட்டாதீர்கள். உட்காரச் சொல்லி, எந்த இடம், எத்தனை நாளாக என்று கேளுங்கள். ஒரு புது பேட்டரியும், மலைக்குப் போக ஒரு ஜீப்பும், கூடவே இன்னொரு ஆளும் கொடுத்து அன்றைக்கே அனுப்புங்கள்.